கெலுகோரில் நின்று நட்சத்திரம் பார்க்கலாம்

நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் தன் நட்சத்திரம் ரோகிணி, மகம், சுவாதி என்று உடனே சொல்லிவிடும். அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியாது. ஜாதகக் கட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் அர்ச்சனையிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பெயர்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் வானத்தில் ஓர் இடம் உண்டு. பெரும்பாலானவற்றை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். எங்கே, எப்போது பார்ப்பது என்று காட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிக் காட்டுவதையே பொழுதுபோக்காக ஏற்றுக்கொண்டவர்கள் வானியல் ஆர்வலர்கள். பினாங்கில் இந்தப் பணியைப் பினாங்கு வானியல் சங்கம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இத்தகைய குழுக்களில் என்ன நடக்கிறது, அவர்களின் உரைக்கும் வான்நோக்கு இரவுக்கும் போனால் என்ன கிடைக்கும், கெலுகோர் போன்ற விளக்கு வெளிச்சம் மிகுந்த ஊரிலிருந்து எதைப் பார்க்க முடியும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

ஆர்வலர் என்பவர் யார்?

வானியலைத் தொழிலாகக் கொள்ளாமல், சம்பளம் வாங்காமல், விருப்பத்துக்காக வானத்தைப் பார்ப்பவரே ஆர்வலர். அவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருக்கலாம், மருத்துவராகவோ பல்கலைக்கழக மாணவராகவோ இருக்கலாம். சொந்தப் பணத்தில் தொலைநோக்கி வாங்குகிறார் அல்லது கண்ணாடி தேய்த்துத் தானே செய்துகொள்கிறார். தான் பார்த்ததைப் பிறருக்கும் காட்டாமல் அவரால் இருக்க முடிவதில்லை. அதனால்தான் உலகெங்கும் இந்தக் குழுக்கள் பொதுமக்களைக் கூப்பிடுகின்றன.

இதற்கு வழிகாட்டிய ஒருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜான் டாப்சன் என்பவர் 1968இல் நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியலாளர் குழுவைத் தொடங்கினார். தொலைநோக்கியைத் தெருவோரத்தில் வைத்து, போவோர் வருவோரை நிறுத்தி நிலவையும் சனிக் கோளையும் காட்டினார். பலகையையும் அட்டைக் குழாயையும் கொண்டு அவர் வடிவமைத்த எளிய தாங்கி இன்று ‘டாப்சோனியன்’ என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாகிறது. ஆர்வலர் குழுக்களின் மைதானங்களில் தரையில் உட்காரவைத்திருக்கும் பருத்த குழாய்த் தொலைநோக்கிகள் பெரும்பாலும் அந்த வகைதான்.

தமிழர்களுக்கு அருகிலும் ஒரு முன்னோடி உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போகவிருந்தபோது, அது என்ன நிகழ்வு, ஏன் முக்கியம் என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். வானத்தில் நடப்பதை மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது.

உரை எதற்கு, வான்நோக்கு எதற்கு?

குழுக்களின் பொது நிகழ்ச்சிகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று அரங்கில் நடக்கும் உரை, மற்றது திறந்தவெளியில் நடக்கும் வான்நோக்கு இரவு. பல நேரம் உரை முதலில் நடக்கும், இருட்டியதும் எல்லோரும் வெளியே வருவார்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தொலைநோக்கியில் சனிக் கோளைப் பார்த்தால் ஒரு சிறு பொட்டும் அதைச் சுற்றி ஒரு வளையமும்தான் தெரியும். அந்த வளையம் கோடிக்கணக்கான பனிக்கட்டித் துண்டுகளால் ஆனது, ஒவ்வொன்றும் தனித்தனியே சனியைச் சுற்றுகிறது என்று பத்து நிமிடம் முன்னால் கேட்டுவிட்டுப் பார்ப்பவருக்கு அதே பொட்டு வேறாகத் தெரியும்.

உரைக்குப் போகக் கணிதமோ இயற்பியலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல உரையாளர் இந்த மாதம் மாலை வானில் எந்தக் கோள்கள் தெரிகின்றன என்பதில் தொடங்கி, கிரகணம் ஏன் வருகிறது, கருந்துளையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று போவார். கேள்வி கேட்பதற்கென்றே நேரம் விடுவார்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் அங்கே மரியாதை அதிகம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். வானியல் வேறு, ஜோதிடம் வேறு. நட்சத்திரப் பெயர்கள் இரண்டுக்கும் பொது என்றாலும் அங்கே பலன் சொல்ல மாட்டார்கள், அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எப்படி எரிகிறது என்று சொல்வார்கள்.

கெலுகோரின் வானம்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், முதல் பினாங்குப் பாலம் வந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது கெலுகோர். 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகமும் இங்கேதான். வானம் பார்ப்பவருக்கு இந்த ஊரின் அமைப்பைப் பற்றி மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நாம் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில், ஏறத்தாழ 5.4 பாகை வடக்கே இருக்கிறோம். அதனால் வட வானம், தென் வானம் இரண்டையும் பெரும்பகுதி பார்க்கிறோம். மே மாத நடுவில் இரவு பத்து மணி சுமாருக்கு வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம் தெரியும், அப்படியே தெற்கே திரும்பினால் தென் சிலுவை நிற்கும். லண்டனில் இருப்பவர் தென் சிலுவையைப் பார்க்கவே முடியாது, மெல்பர்னில் இருப்பவருக்குச் சப்தரிஷி மண்டலம் முழுதாக எழும்புவதில்லை. நமக்கு இரண்டும் ஒரே இரவில் கிடைக்கின்றன. துருவ நட்சத்திரம் மட்டும் வடக்கு அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகை உயரத்தில்தான் நிற்கும். கட்டடமும் புழுதியும் அதை மறைத்துவிடும்.

இரண்டாவது, தீவின் நடுவே மலைகள் எழுந்து நிற்கின்றன. கெலுகோரில் சூரியன் கடலில் மறைவதில்லை, மலைக்குப் பின்னால் மறைகிறது. மேற்கே தாழ்வாக இருக்கும் எதையும் இங்கிருந்து பார்ப்பது கடினம். நோன்பு தொடங்கும் மாலையில் மெல்லிய பிறையைத் தேடுபவர்கள் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் புலாவ் வட்டாரத்தின் பந்தாய் ஆச்சேவுக்குப் போவது இதனால்தான். அங்கே கடலை நோக்கிய வானம் திறந்து கிடக்கிறது. அங்கிருக்கும் வானியல் மையத்துக்குச் சேக் தாஹிர் ஜலாலுத்தீன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1869 முதல் 1956 வரை வாழ்ந்த அவர் மார்க்க அறிஞர், பினாங்கில் கற்பித்தவர், வானியல் கணிப்பில் தேர்ந்தவர். கெலுகோர்க்காரர்களுக்குக் கிடைத்திருப்பது கிழக்கு வானம். முழுநிலவு நாளில் பினாங்கு நீரிணைக்கு அப்பாலிருந்து நிலவு எழுவதைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரையைவிட நல்ல இடம் தீவில் இல்லை.

மூன்றாவது, நம் கடிகாரம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றே கால், ஒன்றரை மணி அளவில். மறைவது ஏழுக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில். வானம் முழுதாக இருட்ட அதற்கு மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு மணிக்கே பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டு எதுவும் தெரியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். எட்டரைக்கு மேல் பாருங்கள்.

வெளிச்சம், மேகம், புகைமூட்டம்

பாலத்து விளக்குகள், தொழிற்சாலைகள், அடுக்குமாடி வீடுகள், கடைத்தெரு என்று கெலுகோரில் இருட்டு குறைவு. பால்வீதியை இங்கிருந்து பார்க்க முடியாது. ஆனால் நிலவு, வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றுக்கு நகர வெளிச்சம் பெரிய தடையே இல்லை. அவற்றின் ஒளி அதைத் தாண்டி வருகிறது. பிரகாசமான நட்சத்திரங்களும் அப்படித்தான். ஆகவே முதன்முதலாக வானம் பார்க்க வருபவருக்கு ஊருக்குள் நடக்கும் நிகழ்ச்சியே போதும். நட்சத்திரக் கொத்துகளையும் வாயு மேகங்களையும் தேடும் கட்டம் வரும்போது தெலுக் பஹாங், பாலிக் புலாவ் பக்கம் போகலாம்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது மேகம். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். ஆண்டின் நடுப்பகுதியில் சுமத்திராவில் காடு எரியும் ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். அறிவித்த நிகழ்ச்சி மேகத்தால் நின்றுபோவது இங்கே இயல்பு. அன்று உரையைக் கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த மாதம் மறுபடி போங்கள்.

தொலைநோக்கி அருகே

வான்நோக்கு இரவில் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் முன்னால் ஒரு வரிசை நிற்கும். உங்கள் முறை வந்ததும் கண்ணருகு வில்லையில் கண்ணை வைக்கிறீர்கள். முதலில் எல்லாம் கறுப்பாகத் தெரியும். தலையை மெல்ல அசைத்தால் திடீரென ஒளி வந்து விழும். அரைநிலவு நாளாக இருந்தால் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் வட்ட வட்டமான பள்ளங்கள், அவற்றின் விளிம்பு மலைகள், அந்த மலைகளின் கூர்மையான நிழல்கள் எல்லாம் தெரியும். நிலவில் உள்ள கோப்பர்நிக்கஸ் என்ற ஒரு பள்ளத்தின் அகலம் மட்டும் 93 கிலோமீட்டர்.

நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது நிலவும் கோள்களும் வில்லையின் ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்தில் பார்வையைவிட்டே போய்விடும். நகர்வது அவை அல்ல, நாம் நிற்கும் பூமி. அது மணிக்குப் பதினைந்து பாகை சுழல்வதை நீங்கள் நேராகப் பார்க்கிறீர்கள். அதனால்தான் பக்கத்தில் நிற்கும் ஆர்வலர் இடையிடையே குழாயை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் குழாயைப் பிடித்தால் குறி தவறிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பதே நல்லது.

தொலைநோக்கியின் முதல் வேலை ஒளியைச் சேர்ப்பது, பெரிதாக்குவது அடுத்தபடிதான். இருட்டில் விரிந்த கண்மணியின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள தொலைநோக்கி அதைப்போல ஏறத்தாழ எண்ணூறு மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. ‘ஐந்நூறு மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியில் அச்சிட்டு மலிவாக விற்கும் பொம்மைத் தொலைநோக்கியை நம்பி வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் குழு நிகழ்ச்சியில் நான்கைந்து வகைகளில் பார்த்துவிடுங்கள். பலருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு சாதாரண பைனாகுலர்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரை அசையாமல் தாங்கிப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் சிறு புள்ளிகளாகத் தெரியும். கலிலியோ 1610இல் கண்ட அதே நான்கு.

உங்கள் நட்சத்திரம் எப்போது தெரியும்?

எல்லாக் கணக்கும் இரவு ஒன்பது, பத்து மணிக்கு.

ஜனவரி, பிப்ரவரியில் தலைக்கு மேலே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு வடக்கே செந்நிறத்தில் இருப்பது திருவாதிரை. சற்று மேற்கே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. அதற்கும் மேற்கே சிறு கொத்தாகக் கார்த்திகை, ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில். தெற்கே தனியாக ஒளிர்வது அகத்திய நட்சத்திரம். தமிழ்நாட்டில் இருப்பதைவிட இங்கே அது இன்னும் உயரத்தில் நிற்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் மகம், சித்திரை, சுவாதி. சுவாதி நமக்கு 37 ஒளியாண்டுத் தொலைவில்தான் இருக்கிறது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிட்டரும் அருந்ததியும் ஒட்டி நிற்பார்கள். கல்யாணத்தில் பகல் வேளையில் காட்டுவதாகச் சடங்கு செய்யும் அருந்ததியை மே மாத இரவில் நிஜமாகவே பார்க்கலாம். கண் கூர்மையானவருக்கு வெறுங்கண்ணிலும், மற்றவர்களுக்குப் பைனாகுலரிலும் தெரியும்.

ஜூலை, ஆகஸ்டில் தெற்கே விருச்சிகம் எழுந்து நிற்கும். அதன் நடுவே சிவந்து தெரிவது கேட்டை, அதற்கு முன்னால் அனுஷம், வளைந்த வாலில் மூலம். கிழக்கே திருவோணம். விருச்சிகத்தின் வடிவம் முழுவதையும் இவ்வளவு உயரத்தில் பார்க்கும் வாய்ப்பு வட நாடுகளில் கிடைப்பதில்லை.

நிலவு இந்த நட்சத்திரங்களின் வழியே வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் கொஞ்சமும் ஆகிறது. நட்சத்திரங்களை இருபத்தேழாக வகுத்ததன் அடிப்படை அதுதான். தைப்பூசம் இதற்கு நல்ல சான்று. வெள்ளி ரதமும் தங்க ரதமும் பினாங்கின் தண்ணீர்மலைக்குப் புறப்படும் அந்த நாட்களில் வானத்தில் முழுநிலவு பூச நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். பூசம் மங்கலான நட்சத்திரங்களின் கூட்டம் என்பதால் அன்று நிலவொளியில் மறைந்துவிடும். பத்து நாள் பொறுத்து, நிலவு எழாத முன்னிரவில் அதே இடத்தைப் பைனாகுலரில் பார்த்தால் ஓர் அழகான நட்சத்திரக் கொத்து தெரியும். முழுநிலவு நாளில் தொலைநோக்கியில் நிலவைப் பார்ப்பதும் அவ்வளவு பயன் தராது. வெயில் நேராக விழுவதால் நிழல் இல்லை, நிழல் இல்லாததால் மலையும் பள்ளமும் தட்டையாகிவிடும். வளர்பிறை அரைநிலவை ஒட்டிக் குழுக்கள் நிகழ்ச்சி வைப்பதற்கு இதுவே காரணம்.

பகலிலும் பாடம் உண்டு

ஏப்ரல் 3, செப்டம்பர் 9 தேதிகளை ஒட்டிப் பினாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று பகல் ஒன்றே கால் மணி சுமாரில் பள்ளித் திடலில் ஒரு கம்பை நேராக நட்டால் நிழல் கம்பின் அடிக்குள் ஒடுங்கிவிடும். சென்னையில் இதே நிழலில்லா நாள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வருகிறது. இரண்டு ஊர்ப் பள்ளிகள் ஒரே நாளில் நிழலை அளந்து செய்தி பரிமாறிக்கொண்டால் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம்.

கிரகணங்களும் நம்மை இணைக்கின்றன. 1929 மே 9 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பிரிட்டிஷ் வானியலாளர்கள் நமக்கு வடக்கே கெடாவின் அலோர் ஸ்டாருக்கு வந்தார்கள். 2019 டிசம்பர் 26 அன்று வளையக் கிரகணம் காலையில் கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் என்று கடந்து, நண்பகலுக்குப் பின் ஜொகூரின் தஞ்சோங் பியாய் வரை வந்தது. பினாங்கில் அது பகுதிக் கிரகணம். 2028 டிசம்பர் 31 நள்ளிரவு கடந்ததும், மலேசியாவில் 2029 புத்தாண்டு பிறந்த முதல் மணி நேரத்தில், முழுச் சந்திர கிரகணம் தெரியும். 2031 மே 21 வளையச் சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியா, இலங்கை, தாய்லாந்து, மலேசியா வழியாகப் போகிறது.

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சூரியனை அப்படிப் பார்க்கவே கூடாது. அதற்கென்று சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ பார்க்கக் கூடாது, குவிந்த ஒளி அதைப் பொசுக்கிக் கண்ணையும் கெடுத்துவிடும். வடிகட்டி தொலைநோக்கியின் முன்முனையில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். குழுவோடு சேர்ந்து பார்ப்பதில் உள்ள பெரிய நன்மை இந்தப் பாதுகாப்புதான்.

பார்ப்பதோடு முடிவதில்லை

ஆர்வலர்கள் அறிவியலுக்கும் பங்களிக்கிறார்கள். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி என்பவர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனின் மேல் ஒரு புதுக் கறுப்புத் தழும்பைக் கண்டு உலகுக்குச் சொன்னார். ஏதோ ஒரு வான்பொருள் வியாழனில் மோதிய தடம் அது. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் நம் திருவாதிரை வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு மங்கியபோது, உலகெங்கும் ஆர்வலர்கள் இரவுதோறும் அதன் ஒளியை மதிப்பிட்டுப் பதிந்தார்கள். அந்த நட்சத்திரம் வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசாகி அதை மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மாறொளிர் நட்சத்திரங்களை இப்படிப் பதிவுசெய்யும் அமெரிக்கச் சங்கம் 1911 முதல் இயங்கிவருகிறது. அதில் பங்கெடுக்கப் பட்டம் தேவையில்லை, கண்ணும் பொறுமையும் போதும்.

போவதற்கு முன்

நிகழ்ச்சி நாளையும் இடத்தையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு வானத்தைப் பாருங்கள், மழை அறிகுறி இருந்தால் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கைவிளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஒரு கைப்பேசி வெளிச்சம் எல்லோருடைய பழக்கத்தையும் ஒரு நொடியில் கெடுத்துவிடும். பைனாகுலரைக் குளிரூட்டிய காரிலிருந்து எடுத்தவுடன் நம் ஊர் ஈரக்காற்றில் வில்லை மேல் நீர் படியும், கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கொசுத்தைலம், தண்ணீர், பிள்ளைகள் உட்காரப் பாய் ஆகியவை போதும். பாட்டியையும் தாத்தாவையும் அழைத்துப் போங்கள். பஞ்சாங்கம் அறிந்த பெரியவர்களுக்குத்தான் வானத்தில் தெரிந்த பெயர்கள் அதிகம்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பிப்ரவரியில் வளர்பிறை அரைநிலவு வரும் வாரத்தில், வானியல் ஆர்வலர்களைப் பள்ளித் திடலுக்கு அழையுங்கள். அவர்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ விளக்கினால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்யுங்கள். தன் நட்சத்திரம் எது என்று கேட்டால் பெயரைச் சொல்வதோடு வானத்தில் விரலை நீட்டிக் காட்டவும் தெரிந்த பிள்ளைகள் நம் பள்ளிகளிலிருந்து வர வேண்டும்.